உப்புத் தண்ணீர் ஊரில் எரியாத சவரம்

கேள்வி:

எனக்கு வயது 27. ஆற்காட்டில் குடியிருக்கிறேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் ரசாயன ஸ்டோரில் வேலை. சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு, குரோம் பவுடர் எல்லாவற்றையும் எடை போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. தூசு பறக்கும் என்பதால் முகத்தோடு ஒட்டி நிற்கும் ரப்பர் மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். தாடி இருந்தால் மாஸ்க் பொருந்தாது என்று சேஃப்டி ஆபீசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் தினமும் ஷேவ் செய்கிறேன்.

மூன்று பிளேடு ரேசரில் கழுத்தெல்லாம் கொப்புளம் வந்து கரும்புள்ளியானது. ஒற்றை பிளேடு போடும் ஸ்டீல் ரேசருக்கு மாறினால் சரியாகும் என்று நண்பர்கள் சொன்னார்கள். மாறிய பிறகு கொப்புளம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் எரிச்சலும் வெட்டும் கூடிவிட்டன. காலை 6 மணி ஷிஃப்ட். 5 மணிக்கு எழுந்து, போர் தண்ணீரில் முகத்தை நனைத்து, குளிக்கிற சோப்பையே தடவி அவசரமாக முடித்துவிடுவேன். நுரை நிற்பதே இல்லை. வேலைக்குப் போய் மாஸ்க் போட்டதும் தாடையும் கழுத்தும் தீயாய் எரிகின்றன.

எந்த பிளேடு வாங்குவது? ரேசரில் பூசியிருக்கும் குரோம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? படிகாரம் தேய்க்கலாமா? மெடிக்கலில் கொடுத்த க்ரீம் போட்டால் இரண்டு நாள் அடங்குகிறது, பிறகு திரும்பிவிடுகிறது. பேசாமல் சலூனுக்கே போய்விடலாமா?

ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர்

தோல் மருத்துவரின் பதில்:

ரேசரை மாற்றியது நல்ல முடிவு. ஆனால் பழைய தண்ணீர், பழைய சோப்பு, பழைய அவசரம் மூன்றும் அப்படியே இருக்கின்றன. உங்கள் எரிச்சலின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. போதாக்குறைக்கு, சவரம் செய்து ஒரு மணி நேரத்துக்குள் சுண்ணாம்புத் தூசிக்கும் ரப்பர் விளிம்புக்கும் முகத்தைக் கொடுக்கிறீர்கள். இந்த நான்கையும் சரிசெய்தால், எந்த பிளேடு என்ற கேள்வியின் முக்கியத்துவம் தானாகக் குறைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒற்றை பிளேடு எதைச் சரிசெய்தது?

பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கிறது. அது திரும்ப உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டுகிறது. வெட்டுப்பட்ட நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கையால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். சுருண்ட முடி உள்ளவர்களுக்கோ, கூரான அந்த நுனி மறுபடி வளரும்போது நேராக வெளியே வராமல் பக்கத்துத் தோலைக் குத்தி உள்ளே போகிறது. உடல் அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்த இடம் சிவந்து, புடைத்து, ஆறிய பிறகு கறுத்து நிற்கிறது. கழுத்தில் இது அதிகம். அங்கே முடி படுத்தும் வளைந்தும் வளர்கிறது.

ஒற்றை பிளேடு முடியை ஏறக்குறைய தோலின் மட்டத்தோடு வெட்டி விட்டுவிடும். உங்களுக்குக் கொப்புளம் குறைந்தது அதனால்தான். நீங்கள் வாங்கியிருக்கும் ரேசரின் அடிப்படை வடிவத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1901-ல் அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட், 1904-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய இருபக்க பிளேடு, மேலே மூடி, கீழே ஒரு தடுப்புப் பட்டை. இரட்டை பிளேடு ரேசரை அவருடைய நிறுவனம் 1971-லும், மூன்று பிளேடு ரேசரை 1998-லும் கொண்டுவந்தது. பழைய ரேசரின் தடுப்புப் பட்டை ஆழமான வெட்டைத்தான் தடுக்கும். எரிச்சலைத் தடுக்கும் வேலை தண்ணீருக்கும் நுரைக்கும் உங்கள் கைக்கும் உரியது.

தண்ணீர்

உலர்ந்த தாடி முடி விறைப்பானது. தண்ணீரை உறிஞ்சியதும் அது பருத்து இளகுகிறது. வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறைகிறது. இதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். முகத்தில் நீரைத் தெளித்தவுடன் கத்தி வைத்தால் வெட்டுவது பாதி, இழுப்பது பாதிதான். உங்கள் தொழிலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. உப்பிட்டு வந்த தோலைத் தொட்டியில் ஊறப்போட்டு நீர் ஏற்றாமல் எந்த டேனரியிலும் அடுத்த வேலைக்கு எடுப்பதில்லை. முகத்துக்கும் அதே வரிசைதான்.

அடுத்தது தண்ணீரின் தன்மை. பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் கெட்ட கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தோல் கழிவுநீர் ஆண்டுக்கணக்கில் மண்ணில் இறங்கியதில் கிணறுகள் உப்பேறின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. தீர்ப்பு வந்தாலும் மண்ணுக்குள் போன உப்பு எளிதில் வெளியேறாது. அப்படிப்பட்ட நீர் சவரத்துக்கு இரண்டு வகையில் எதிரி. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாக மாறுகின்றன. கரைந்திருக்கும் சாதாரண உப்பும் சோப்பைச் சரியாகக் கரையவிடாது. நுரை எழுவதற்குள் அடங்குகிறது, கசடு தோலில் படிகிறது, பிளேடு வெறும் தோலில் ஓடுகிறது.

உங்கள் போர் தண்ணீர் இந்த வகைதானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரே அளவான இரண்டு பாட்டில்கள் எடுத்து, ஒன்றில் போர் தண்ணீரும் மற்றொன்றில் கேன் தண்ணீரும் பாதியளவு ஊற்றுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை நின்று, போர் தண்ணீர் பால்போல் கலங்கி நுரையில்லாமல் கிடந்தால் உங்கள் பிரச்சினையில் ஒரு பகுதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கொதிக்கவைப்பதால் முழுத் தீர்வு வராது. கடினத்தன்மையில் ஒரு பகுதி படியும், உப்பு அப்படியே இருக்கும். முகத்தை ஊறவைக்கப் போர் தண்ணீர் போதும். நுரை எழுப்ப ஒரு டம்ளர், கடைசியாக முகத்தை அலச ஒரு டம்ளர் என்று கேன் தண்ணீரோ காவிரிக் கூட்டுக் குடிநீரோ எடுத்து வையுங்கள். ஒரு சவரத்துக்கு இரண்டு டம்ளர் பெரிய செலவில்லை.

நுரை

குளியல் சோப்பு அழுக்கை எடுக்கச் செய்தது. தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துவிடும். அதன் நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். ஷேவிங் க்ரீமும் ஷேவிங் சோப்பும் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் பிளேடை வழுக்கவைக்கவும் செய்யப்பட்டவை. கடின நீரில் சோப்பைவிட க்ரீம் ஓரளவு தாங்கும் என்பதால் க்ரீமில் தொடங்குங்கள். மென்தாலும் வாசனையும் குறைந்ததாகப் பாருங்கள். சில்லென்று இருப்பது சுகமாகத் தோன்றினாலும், புண்பட்ட தோலை அது இன்னும் சீண்டும்.

பிரஷை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒருமுறை உதறிவிட்டு, சுண்டைக்காய் அளவு க்ரீமைக் கிண்ணத்தில் போட்டுக் குழையுங்கள். தண்ணீரைச் சில சொட்டுகளாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பெரிய குமிழிகள் தெரிந்தால் க்ரீம் போதவில்லை. பிரஷில் ஒட்டிக்கொண்டு கெட்டியாக நின்றால் தண்ணீர் போதவில்லை. குமிழி கண்ணுக்குத் தெரியாமல், பளபளப்பாக, இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்தால் வழுக்கும் நிலைதான் சரியான பதம். அதை முகத்தில் வட்டமாகத் தேய்த்து ஒரு நிமிடம் விடுங்கள். பிரஷை அழுத்தித் தேய்க்க வேண்டாம். கொப்புளம் இருக்கும் இடங்களில் விரலால் பூசினால் போதும்.

கை

நண்பர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான்: பிளாஸ்டிக் ரேசரில் பழகிய அழுத்தத்தை ஸ்டீல் ரேசருக்குக் கொண்டுவரக் கூடாது. பிளாஸ்டிக் ரேசர் எடையில்லாதது, தலையும் அசைந்து கொடுக்கும். அதனால் நாம் அழுத்தியே பழகிவிட்டோம். ஸ்டீல் ரேசரின் தலை அசையாது, எடையும் அதற்கே உண்டு. கைப்பிடியின் அடிப்பகுதியைக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் தளர்வாகப் பிடித்து, அதன் எடையே கீழே இறங்கும்படி விடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது வழிகாட்டுவது மட்டும்தான்.

சாய்வு இரண்டாவது. ரேசர் தலையின் மேல்பகுதி கன்னத்தில் படும்படி, கைப்பிடி முகத்துக்கு நேர்க்குத்தாக இருக்குமாறு வையுங்கள். பிறகு கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். முடி வெட்டுப்படும் சத்தம் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் இடையே ஏறக்குறைய 30 பாகை இருக்கும். தாடை எலும்பு வளையும் இடத்தில் முகம் திரும்புகிறது. அங்கே கைப்பிடியும் கூடவே திரும்ப வேண்டும். பெரும்பாலான வெட்டுகள் அந்தத் திருப்பத்திலும் குரல்வளை மேட்டிலும்தான் விழுகின்றன. குரல்வளை மேட்டில் தோலைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, சமமான இடத்தில் வைத்து வழியுங்கள். மற்ற இடங்களில் தோலை இறுக்கி இழுக்காதீர்கள். இழுத்து வெட்டிய முடி, தோலை விட்டதும் உள்ளே போய்விடும்.

திசை மூன்றாவது. ஒரு விடுமுறை நாளில் ஒருநாள் முடி வளர்ந்த முகத்தை நான்கு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவும்போது மென்மையாக இருக்கிறதோ அதுவே முடி சாயும் திசை. கன்னத்தில் மேலிருந்து கீழ் என்றால் கழுத்திலும் அப்படியே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பலருக்குக் கழுத்தில் முடி பக்கவாட்டிலும், சிலருக்குக் கீழிருந்து மேலாகவும் சாய்ந்திருக்கும். சாயும் திசையிலேயே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிறு சிறு வீச்சாக வழியுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் பிளேடை அலசுங்கள். நுரை போன இடத்தில் மறுபடி பிளேடு வைக்காதீர்கள்.

ஒரு சுற்றோடு நிறுத்திவிடுங்கள். மாஸ்க்குக்குத் தேவை ரப்பர் விளிம்பு படும் இடத்தில் முடி நீட்டிக்கொண்டிருக்காமல் இருப்பது. அதற்கு வழுவழுப்பு தேவையில்லை. தோல் முழுவதும் ஆறிய பிறகு வேண்டுமானால் மறுபடி நுரை பூசி, குறுக்காக இரண்டாவது சுற்று போகலாம். எதிர்த்து வழிப்பது உங்கள் கழுத்துக்கு என்றைக்கும் வேண்டாம்.

பிளேடு

செவன் ஓ'க்ளாக், டோபாஸ் என்று கடையில் எளிதாகக் கிடைப்பவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கை பழகும்வரை அதையே வைத்திருங்கள். தண்ணீர், க்ரீம், பிளேடு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. மூன்று முதல் ஐந்து சவரத்துக்கு மேல் ஒரு பிளேடை ஓட்டாதீர்கள். முடி பிடித்து இழுப்பதாகத் தோன்றினால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் சொல்கிறது. பிளேடின் எஃகு, முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. ஆனாலும் முடி சாய்வாக மோதும்போது எஃகின் சீரற்ற இடங்களில் விளிம்பு நுண்ணிய சில்லுகளாகப் பெயர்கிறது. கண்ணுக்குப் புதிதாகத் தெரியும் பிளேடின் ஓரம் அதற்குள் கரடுமுரடாகியிருக்கும். பிளேடு மாட்டும்போது அதன் குறுகிய முனைகளைப் பிடித்து மாட்டி, இருபக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பார்த்து இறுக்குங்கள். ஒருபக்கம் கூடுதலாக நீண்டிருந்தால் அந்தப் பக்கம் வெட்டும்.

நேரம்

உங்கள் வேலைக்கு மிக முக்கியமான அறிவுரை இது. பச்சைத் தோலிலிருந்து முடியைக் கரைத்து எடுப்பதற்காகவே சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் போடுகிறார்கள். இரண்டும் கடுமையான காரத்தன்மை கொண்டவை. சவரம் செய்யும்போது முடியோடு தோலின் மேல்படலமும் மெல்லியதாக உரிந்து வருகிறது. அது மறுபடி மூடிக்கொள்ளச் சில மணி நேரமாவது வேண்டும். ஐந்து மணிக்கு வழித்த முகத்தில் ஆறு மணிக்கு அந்தத் தூசி பட்டு, மேலே வியர்வையும் ரப்பர் உராய்வும் சேர்ந்தால் எரியாமல் என்ன செய்யும்?

எனவே சவரத்தை இரவுக்கு மாற்றுங்கள். மாஸ்க் அணிபவர் அதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் சவரம் செய்திருப்பது நல்லது என்பது பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டுதல். ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு இரவு பத்து மணிச் சவரம் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். குளித்து முடித்த முகம், அவசரமில்லாத பதினைந்து நிமிடம், பிறகு தூக்கம். சேஃப்டி ஆபீசரிடம் சொல்லி மாஸ்க் பொருத்தத்தை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். முகத்தில் ரசாயனத் தூள் விழுந்தால் துடைக்காமல், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள்.

குரோம் காரணமா?

ரேசரில் பூசியிருப்பது உலோகக் குரோமியம். அது முகத்தில் ஒவ்வாமை தருவது மிக அரிது. தோல் தொழிலில் கவலைக்குரியது குரோமியம்-6 என்ற வடிவம். பதனிடப் பயன்படும் குரோம் பவுடரில் இருப்பது குரோமியம்-3. பதனிட்ட தோலில் அதில் ஒரு பகுதி சில சூழல்களில் குரோமியம்-6 ஆக மாறக்கூடும். உடலில் படும் தோல்பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்பும் ஆம்பூர்க் கம்பெனிகளுக்கு நன்கு தெரிந்த எண் இது.

ஒவ்வாமையா, சவர எரிச்சலா என்பதை அது வரும் இடத்தையும் நேரத்தையும் வைத்து ஓரளவு பிரித்தறியலாம். சவர எரிச்சல் வழித்த இடத்தில் மட்டும், சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ தொடங்கி, ஓரிரு நாளில் அடங்கும். ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்து வரும், எரிச்சலைவிட அரிப்பு மேலோங்கும், நீர் கோக்கும், கைகள், மணிக்கட்டு, கண் இமை என்று வழிக்காத இடத்திலும் தெரியும். மாஸ்க் விளிம்பின் வடிவத்திலேயே தடித்தால் ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருள் காரணமாக இருக்கலாம். வாட்ச், பெல்ட் பக்கிள் படும் இடமும் அரித்தால் நிக்கலைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சு தேய்ந்த ரேசரில் அடியிலிருக்கும் நிக்கல் வெளியே வரும். இந்த அறிகுறிகளில் ஏதாவது இருந்தால் வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவில் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய பொருட்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, மறுபடி ஓரிரு நாளில் பார்ப்பார்கள்.

படிகாரம், க்ரீம், சலூன்

சிறு வெட்டில் ரத்தம் நிற்கப் படிகாரம் நல்லது. கல்லை நனைத்து, அந்த இடத்தில் மட்டும் வைத்து எடுத்து, அலசிவிடுங்கள். முகம் முழுவதும் தினமும் தேய்த்தால் தோல் வறண்டு போகும். படிகாரம் பட்ட இடமெல்லாம் எரிந்தால் கை அழுத்திவிட்டது என்று பொருள். அடுத்த நாள் திருத்திக்கொள்ள அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர் ஷேவ் வேண்டாம். முகத்தை ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.

இரண்டு நாளில் அடங்கி, நிறுத்தியதும் திரும்புகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். தொடர்ந்து போட்டால் முகத்தோல் மெலிந்து, பரு கிளம்பி, படர்தாமரை இருந்தால் அடையாளம் தெரியாமல் பரவும். பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. டியூபைக் கையோடு எடுத்துப்போய் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல வாரங்கள் போட்டிருந்தால் அவர் சொல்லும் முறையில் நிறுத்துவது நல்லது.

சலூனில் வழக்கமாக எதிர்த்தும் ஒருமுறை வழிப்பார்கள். உங்கள் கழுத்துக்கு அது ஆகாது. போக நேர்ந்தால் ஒரு சுற்று போதும் என்று சொல்லிவிடுங்கள். கண் முன்னால் புது பிளேடு உடைத்துப் போடச் சொல்லுங்கள். ரத்தம் வழியே நோய் தொற்றலாம் என்பதால் பொதுப் படிகாரக் கல்லும் வேண்டாம். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் தெரியவந்தன. அந்த மாதிரிகளை முதலில் சோதித்தது வேலூர் சி.எம்.சி. ஆய்வகம். தோல்வாரில் தீட்டிய கத்தி ஒதுங்கி, ஆளுக்கொரு பாதி பிளேடு என்ற பழக்கம் சலூன்களில் பரவியதற்கு, அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு வளர்ந்த விழிப்புணர்வு பெரிய காரணம். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் ரத்தம் வழியே பரவுபவைதான். வீட்டிலும் உங்கள் ரேசரை வேறொருவர் தொட வேண்டாம்.

இத்தனையும் செய்து ஒரு மாதத்தில் கொப்புளம் குறையாவிட்டால், சீழ் வைத்தால், தடித்த தழும்பு விழுந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். சில வாரம் பிளேடையே விட்டு, டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் முடி விட்டு வெட்டச் சொல்ல நேரலாம். அப்போது ஒட்டும் மாஸ்க் பயன்படாது. மருத்துவரின் கடிதத்தோடு, முகத்தில் ஒட்டாமல் தலையை மூடி, மோட்டார் மூலம் வடிகட்டிய காற்றைத் தரும் ஹூட் வகைக் கவசத்தைக் கேளுங்கள். தாடி இருந்தாலும் அதை அணியலாம்.

பழைய பிளேடுகளை மூடியில் துளையிட்ட ஒரு டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். குப்பையில் கை வைப்பவரின் விரல் நம் முகத்தைவிட மலிவானது இல்லை.

கடைசியாக, இதைப் படிக்கும் டேனரி நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். தாடி கூடாது என்ற விதி சரியானது; அது உயிரைக் காக்கிறது. அந்த விதியோடு, தொழிலாளி முகம் கழுவ நல்ல தண்ணீரும், தினசரிச் சவரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஹூட் வகைக் கவசமும் கொடுங்கள். மூச்சைக் காப்பாற்ற முகத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும் நிலை எந்தத் தொழிலாளிக்கும் வரக் கூடாது.